பூரிக்கட்டையும் கிணற்றுக் கயிறும்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்ததிலிருந்து அலமாரி மேல் ரேடியோவுக்கு அடியில் கிடக்கிறது. எடுத்துப் படித்துவிட்டு மறுபடி அங்கேயே வைக்கிறேன். பதில் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. சோம்பேறித்தனம் என்கிறாள் உன் அம்மா. இல்லை, களைப்பு. ஓய்வு பெற்றால் களைப்பு தீர்ந்துவிடும் என்று சொல்லித்தான் ஆபீசில் மாலை போட்டு அனுப்பினார்கள். இத்தனை வருடம் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எங்கேயோ ஒளிந்திருந்த களைப்பெல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாக வந்து விசாரிக்கிறது. இடது கண்ணில் புரை முற்றிவிட்டதாம்; மழைக்காலம் கழியட்டும், ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். வலது முழங்கால் படிக்கட்டைப் பார்த்தாலே முனகுகிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேரில் என்னை நீ, வா, போ என்று பேசுகிறவள், கடிதத்தில் 'நீங்கள்' போட்டிருக்கிறாய். அதைப் பார்த்ததுமே பெரிதாக எதையோ கேட்கப் போகிறாய் என்று தெரிந்துவிட்டது. மாலத்தீவில் ஏதோ ஒரு சின்னத் தீவில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது, வியாழக்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து விமானம் என்று எழுதியிருக்கிறாய். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. 'நீங்கள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், பெட்டியைக் கட்டாமல் திருவானைக்காவலுக்கே திரும்பி வந்துவிடுகிறேன்' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாய். அந்த ஒரு வார்த்தையை எழுத வைக்கத்தான் உன் அம்மா என்னைப் பிடித்து மேஜை முன்னால் உட்கார வைத்திருக்கிறாள். எதிர்வீட்டு சேகர் நாளைக்கு நீ இருக்கும் மெட்ராஸுக்கு வருகிறான். இதை அவனிடம் கொடுத்தனுப்புவதாகச் சொல்லியாகிவிட்டது. இனித் தப்பிக்க வழியில்லை.

அம்மாவின் பக்கத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மணப்பாறைக்காரர்கள் மறுபடி வந்துபோனார்கள். பையன் நல்ல பையன்தான், நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். கூட்டுறவு பாங்கில் நிரந்தர வேலை, அதிகம் பேசாத சுபாவம். அவனுடைய அப்பாதான் காபியைக் கீழே வைத்துவிட்டு, "கடல் தாண்டிப் போயிட்டு வர்ற பொண்ணுக்காகக் காத்திருக்க நமக்குச் சரிப்படாதுங்க. இருக்கறதா இருந்தா சொல்லுங்க, தையில முடிச்சிடலாம்" என்றார். அவர்கள் கொண்டுவந்த முறுக்கு டின் இன்னும் கூடத்தில் இருக்கிறது. அம்மா அதைத் தொடவில்லை. நான் மட்டும் நொறுக்கிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் போன பிறகு அவள் என்னிடம் சொன்னாள்: "நான் சொன்னா சண்டைக்கு வருவா. நீங்க ஒரு வார்த்தை எழுதினா நின்னுடுவா. அவளுக்கு எப்பவுமே நீங்கதான் பிரேக்கு."

பிரேக்கு என்று அவள் சொன்னதும் எனக்குக் கல்லணை ரோடு ஞாபகம் வந்துவிட்டது. உனக்கும் வந்திருக்கும்.

எழுபத்தெட்டா, எழுபத்தொன்பதா, சரியாக நினைவில்லை. நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். சிங்கப்பூரிலிருந்து வந்த உன் மாமா, எல்லோருக்கும் சட்டைத்துணியும் தைலமும் கொடுத்துவிட்டு, உனக்கு மட்டும் சக்கரம் வைத்த ஒரு பலகையைக் கொடுத்தார். ஸ்கேட் போர்டு என்றார். அம்மா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, "இது நிக்கறதுக்கா, போறதுக்கா?" என்று கேட்டாள். "ரெண்டும்தான்க்கா. மேல நின்னுக்கிட்டே போவாங்க" என்றார் மாமா. அவருக்கும் அதில் ஏறத் தெரியாது. அவர் கப்பலேறிய மறுநாளே அம்மா அதற்கு வேலை கண்டுபிடித்துவிட்டாள். தெருக்குழாயிலிருந்து தண்ணீர்க் குடத்தை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவாள். ரேஷன் அரிசி அதில்தான் வரும். அக்கம்பக்கத்தில் இரவல் கேட்க ஆரம்பித்தார்கள். உன் பொருளை நீ கேட்டு வாங்க வேண்டியிருந்தது, பாவம்.

ஒரு நாள் சாயங்காலம் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நீ ஓடிவந்து, "அப்பா, நான் தள்ளவே இல்லப்பா. அதுவா போச்சு" என்றாய். நான் 'உம்' கொட்டினேன். தெருப் பிள்ளைகளோடு பட்டம் விட்டுக்கொண்டிருந்தபோது, தரை சுடுகிறது என்று பலகைமேல் ஏறி நின்றிருக்கிறாய். காற்று பட்டத்தை இழுக்க, பட்டம் உன்னை இழுக்க, பலகை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து உனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பந்தல்காரர் வீட்டிலிருந்து மூங்கில் பிளாச்சு வாங்கி வந்தாய். அம்மாவின் பழைய நைலெக்ஸ் புடவையைக் கிழித்து, உன்னைவிடப் பெரிதாக ஒரு பட்டம் கட்டினாய். கயிறு கையை அறுக்கிறது என்று பூரிக்கட்டையில் சைக்கிள் டியூபைச் சுற்றி, அதில் நைலான் கயிற்றைக் கட்டிச் சுற்றிக்கொண்டாய். அம்மா பூரிக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டுக் கட்டையைத் தேடியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அன்றைக்கு வீட்டில் நடந்த ரகளையை எழுதினால் பேப்பர் போதாது. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். வீட்டுக் கிணற்றுக் கயிற்றைக் கழற்றிவந்து, பலகையின் பின்பக்கம் தன் கையாலேயே முடிச்சுப் போட்டாள். "அப்பா பின்னாடி இதப் புடிச்சிக்கிட்டே வரணும். அப்பத்தான் போகலாம். கயித்த விட்டாருன்னு தெரிஞ்சா பலகை அடுப்புக்குள்ள போயிடும்" என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை. ஆறு நாள் ஆபீஸ், ஏழாம் நாள் பிரேக்கு என்று என் வேலை முடிவாகிவிட்டது.

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்த நேரம். கல்லணை ரோட்டில் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். வலது பக்கம் காவிரி கரை முட்டிப் போகும். இடது பக்கம் வாழை. முதுகுக்குப் பின்னாலிருந்து மேல்காற்று தள்ளும். நீ பலகையில் ஏறி நிற்பாய். பட்டம் எழும்பிக் காற்றைப் பிடிக்கும்வரை நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பிடி இல்லாவிட்டால் பலகை முன்னால் ஓடிவிடும், பட்டம் தொய்ந்து வாழைத் தோப்பில் விழும். அது மேலே ஏறி விறைத்ததும், "விடுப்பா" என்பாய். கொஞ்சம் தளர்த்துவேன். பலகை கிளம்பும். வேகம் கூடினால், "புடிப்பா" என்பாய். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொந்தியும் நானுமாகப் பின்னால் ஓடிவருவேன். ஒரு முறை பஸ்ஸை ஓரம் கட்டி நிறுத்திய கண்டக்டர், "என்ன சார், புள்ளைய இப்படிக் கட்டி ஓட்டுறீங்க?" என்று கேட்டார். "நான் எங்கங்க ஓட்டறேன், அதுதான் என்னை ஓட்டுது" என்றேன். பஸ் முழுக்கச் சிரித்தது. ஆபீசில் வாய் திறக்காத நான் அப்படிப் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. திரும்பி வரும்போது எதிர்க்காற்று. பட்டத்தைச் சுருட்டி நீ தூக்கிக்கொள்ள, பலகையை நான் தூக்கிக்கொண்டு, வந்த தூரம் முழுவதும் நடப்போம். எனக்குக் கால் கெஞ்சும். நீ பேசிக்கொண்டே வருவாய்.

அந்த ஞாயிறு எப்படி விடிந்ததோ தெரியாது. ஆடி முடியப் போகிற நேரம், காற்றுக்கு வெறி பிடித்திருந்தது. நீ "புடிப்பா" என்றாய். நான் பிடிக்கத்தான் பிடித்தேன். ஓடும்போதே வலது செருப்பின் வார் அறுந்தது. கால் மடங்கியது. கயிறு உள்ளங்கையை உரித்துக்கொண்டு போய்விட்டது. நான் ரோட்டில் குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்த்தபோது, நீ கயிறு பின்னால் இழுபடப் போய்க்கொண்டிருந்தாய். பிள்ளையார் கோயில் வளைவில் திரும்பி மறைந்துவிட்டாய். வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து லாரி ஹாரன் கேட்டது. பிரேக் அழுத்தும் கிறீச் சத்தமும் கேட்டது.

அந்த நிமிடத்தை உன்னிடம் சரியாகச் சொன்னதே இல்லை. ஒற்றைச் செருப்போடு ஓடினேன், பிறகு அதையும் உதறிவிட்டு ஓடினேன். சமயபுரத்தாளே, முழு மொட்டை போடுகிறேன், பிள்ளையை மட்டும் கொடுத்துவிடு என்று வாய்விட்டுக் கத்தினேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், இனி என்ன வெட்கம். வளைவைத் தாண்டினால், சோடாக் கடை வாசலில், சுருட்டிய பட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்தாய். லாரி டிரைவரும் உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சோடா குடித்துக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தியது ரோட்டைக் கடந்த எருமைக்காகவாம். "என்னப்பா, இவ்ளோ நேரம்?" என்று கேட்டாய்.

எப்படி நின்றாய் என்று கேட்டேன். பூரிக்கட்டையிலிருந்து மளமளவென்று கயிற்றை விட்டால் பட்டம் தொய்ந்துவிடும், அப்படியே பலகைமேல் குந்தி உட்கார்ந்து குதிகாலை ஊன்றினால் நின்றுவிடும் என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாய். முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாயாம். "அப்புறம் எதுக்குடி என்னைப் போட்டு இந்த ஓட்டம் ஓட விட்ட?" என்றேன். நீ சோடாவை ஒரு வாய் குடித்துவிட்டு, "நீ புடிச்சாத்தானேப்பா அம்மா விடும். கிளம்பறப்ப மட்டும் நீ வேணும். மத்தபடி நானே பாத்துக்குவேன்" என்றாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் கோபத்தோடு நானும் ஒரு சோடா குடித்தேன்.

அதற்குப் பிறகு நாம் செய்தது நம் இருவருக்கும்தான் தெரியும். நீ கிளம்பும்வரை கயிற்றைப் பிடிப்பேன். பட்டம் விறைத்ததும் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, வழியிலிருக்கும் மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிடுவேன். கயிறு மடியில் கிடக்கும். நீ போய்விட்டு நடந்தே திரும்பி வருவாய். வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்பாள், "கயித்த விடலயே?" நான் "விடல" என்பேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கயிறு என் கையில்தானே இருந்தது. மொட்டைக்கு மட்டும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. ப்ரமோஷனுக்கு வேண்டுதல் என்றேன். அந்த வருடம் ப்ரமோஷனும் வரவில்லை. அம்மனைத்தான் குறை சொன்னேன்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால், நீ போக வேண்டாம். என் மனசு அதைத்தான் சொல்கிறது. கண்ணில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும்போது பேப்பர் படித்துக் காட்ட நீ பக்கத்தில் வேண்டும். இந்த வீட்டில் நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிற சாயங்காலங்களை நினைத்தால் இப்போதே அலுப்பாக இருக்கிறது. மணப்பாறை என்றால் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் போதும், உன் வாசலில் இறங்கிவிடலாம். தீவுக்கு எந்த பஸ்ஸில் வருவேன்? 'வேண்டாம்' என்று எழுத எனக்குப் பேனாவில் மை இருக்கிறது, மனசில் ஆசையும் இருக்கிறது. எழுதினால் நீ நிற்பாய் என்பதும் தெரியும். அதனால்தான் பயமாக இருக்கிறது.

அந்தத் தீவில் நீ என்ன செய்யவேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, நான் கடலையே வேளாங்கண்ணியில் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. அம்மாவுக்குத் தனியாகக் கடிதம் போடு. எனக்கு எழுதும் கடிதத்தின் அடியில் 'அம்மாவும் இதையே படிக்கவும்' என்று எழுதாதே, அவளுக்கு அது பிடிப்பதில்லை. யாராவது அதிகமாக இழுத்தால் நீயும் பதிலுக்கு இழுக்காதே, கயிற்றை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடு. இது நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடு. காற்று தள்ளிக்கொண்டு போன தூரத்தை எதிர்க்காற்றில் நடந்துதான் திரும்பவேண்டும், அதற்கு ஒரு நாளும் நீ வெட்கப்பட்டதில்லை. இப்போதும் படாதே.

இதுவரை எழுதி முடித்ததும், உள்ளேயிருந்து வந்த அம்மா, "என்ன எழுதியிருக்கீங்க? படிங்க, கேக்கறேன்" என்றாள். படித்தேன். செருப்பு வார், சோடாக் கடை, மதகு எல்லாம் இருந்த தாளை மட்டும் மெதுவாக அடியில் தள்ளிவிட்டு அடுத்ததைப் படித்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், "நடுவுல ஒரு தாள விட்டுட்டீங்க" என்றாள்.

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

"வாராவாரம் திங்கக்கிழமை அந்தக் கயித்தக் கெணத்துல திரும்ப மாட்டறது யாரு? நான்தான. முதல்ல எல்லாம் தாரும் சாணியுமா வரும், சோப்புப் போட்டுத் தேய்ச்சாலும் போகாது. நீங்க மொட்டை போட்ட வாரத்துலேருந்து கயிறு கொடுத்த மாதிரியே பளிச்சுன்னு திரும்பி வந்துச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ரெண்டு பேரும் நெனச்சுக்கிட்டிருந்தீங்க."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவள் வெங்காயத் தோலை ஒதுக்கித் தள்ளினாள். உரித்த வெங்காயத்தை எல்லாம் முறத்தில் சேர்த்தாள். கண்ணில் தண்ணீர், வெங்காயம்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். "சொல்லியிருந்தா நிறுத்தணும்ல. நிறுத்த எனக்கு மனசு வரலங்க. விடவும் தைரியம் இல்ல. நீங்க வந்து 'விடல'ன்னு சொல்றதக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். பொய்யின்னு தெரிஞ்சாலும் வரும்" என்றாள். பிறகு எழுந்து போய், கூடத்திலிருந்த முறுக்கு டின்னைத் திறந்து, மிச்சம் கிடந்த முறுக்கை ஒரு தட்டில் கொட்டிவிட்டு, டின்னைக் கழுவிக் கவிழ்த்தாள். உனக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டு அனுப்ப அந்த டின்தான் சரியாக இருக்குமாம்.

இப்போது எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, சீக்கிரம் முடியுங்க, சேகர் வந்துடுவான் என்கிறாள். நீ கேட்ட ஒரு வார்த்தையை நான் எழுதவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அப்பா கயித்தப் புடிச்சிக்கிட்டிருக்காருன்னு எழுதுங்க. கெட்டியா புடிச்சிக்கிட்டிருக்காருன்னு எழுதுங்க."

கலா, கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நீ கிளம்பு.

ஊறுகாய் டின்னோடு ஒரு துணிப்பொட்டலம் இருக்கும். அந்தத் தீவில் பூரிக்கட்டை கிடைக்குமோ கிடைக்காதோ என்று அம்மா பழையதையே வைத்திருக்கிறாள். அதில் சுற்றியிருந்த சைக்கிள் டியூபைப் பிரித்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள்.

இப்படிக்கு,
அப்பா